மல்லிப்பொடியும் பயத்தந்தொலியும்

காலையில் சுவரில் அடித்த இரண்டு பெயின்டுக் கட்டங்களும் மத்தியானம் நெருங்கியும் காயவில்லை. கர்க்கடக மாத மழை. நீலாம்பாள் மாடி அறைக்குள் வந்து புறங்கையால் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஈரத்துணியைத் தொட்டதுபோல் இருந்தது.

"அம்மா, நீங்க இப்பிடித் தொட்டுத் தொட்டு நோக்கினா அது எப்பம் உணங்கும்?" என்றான் வேலாயுதன். பாறசாலைக்காரன். இந்தத் தெருவில் யார் வீட்டுக்குப் பெயின்டு அடிப்பதானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஜன்னல் படியில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தான். "கர்க்கடகத்துல சொவருக்குப் பெயின்டு அடிக்கச் சொன்ன வீடு ஆரியசாலையில இது ஒண்ணுதான். நான் அடிக்கேன். உணங்க வைக்கிறது என் பணி இல்ல கேட்டேளா."

"நாளைக்குக் காலம்பற அவன் வாரான். பின்ன சிங்க மாசம் வரைக்கும் காத்திருக்க முடியுமா?"

"மகன் வரட்டும். நல்லா வரட்டும். நான் ஒண்ணும் சொல்லல்ல."

வெள்ளைப் பூச்சின் மேல் இடப்பக்கத்துக் கட்டம் பழுப்பு. வெயில் படாத மண்ணின் பழுப்பு. வலப்பக்கத்துக் கட்டம் சாம்பல் கலந்த பச்சை. டப்பா மூடிகளில் இரண்டுக்கும் நீளநீளமாக இங்கிலீஷ் பேர்கள் இருந்தன. அவள் கணவர் சிவதாணு பிள்ளை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டு, "இது மல்லிப்பொடி. மத்தது பயத்தந்தொலி" என்று பேரை மாற்றிவிட்டார். வாழ்நாள் முழுக்க மல்லியும் மிளகாயும் பயறும் மொத்தமாக வாங்கி விற்ற மனுஷர். அவருக்கு உலகத்து நிறமெல்லாம் ஏதாவதொரு சாக்குக்குள் இருப்பதுதான். வேலாயுதனும் மறுநிமிஷமே அந்தப் பேர்களுக்கு மாறிவிட்டான்.

நீலாம்பாள் பார்த்தது நிறத்தை அல்ல. நிறத்துக்கு அடியில் இருந்ததை. மல்லிப்பொடிக் கட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. பச்சைக் கட்டத்தின் நடுவில், உற்றுப் பார்த்தால், ஊதா நிறத்தில் ஒரு வளைவு மேலே வந்திருந்தது. அதற்குள் 'தா' என்ற எழுத்தின் கால்.

அது கடைக் குறி. சாலைக் கடைத்தெருவுக்கு வரும் லாரியில் பல கடைச் சரக்கும் கலந்து வரும். எந்தச் சாக்கு யாருடையது என்று தெரிய ஒவ்வொரு கடைக்கும் ஒரு குறி உண்டு. இவர்களுக்கு வட்டத்துக்குள் 'தா'. சிங்க மாதம் ஒன்றாம் தேதி, புது வருஷத்தின் முதல் சாக்கில் அந்தக் குறியை வீட்டின் மூத்த மகன் போட வேண்டும். வினீத் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே போட்டு வந்தான். கை நடுங்காமல் ஒரே சுழற்றில் வட்டம் போடுவான். சாக்கு தூக்கும் சுமட்டுக்காரர்கள் நின்று பார்ப்பார்கள்.

இந்த வருஷம் எடவ மாதத்தில் மழை பிடித்த வாரம் அவனுக்குத் தூக்கம் போயிற்று. பேச்சு கூடிற்று. நம் சரக்கெல்லாம் மாறிப் போகிறது, யாருடைய லாரியிலோ ஏறிப் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். முதலில் கடைத் தராசில் குறி போட்டான். பிறகு வீட்டு அரிசி டிரம்மில், பிரிட்ஜில், மனைவி ஸ்ரீலட்சுமியின் கல்யாணப் புடவையில். ஒரு விடியற்காலையில், தூங்கிக்கொண்டிருந்த மகள் ஆர்ஷாவின் முன்கையில். பிள்ளை அலறி எழுந்தபோது, "ஒண்ணும் இல்ல மக்களே, நீ மாறிப் போயிரக் கூடாதுல்லா" என்று ரொம்பச் சமாதானமாகச் சொன்னானாம்.

அன்றைக்கு அவனை இந்த அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். கையில் மைச்சட்டியும் தூரிகையும் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை அவன் உள்ளே இருந்தான். கதவைத் திறந்தபோது நாலு சுவரும் வட்டம் வட்டமாக இருந்தது. அன்றைக்கு அது ரோஸ் நிறச் சுவர். ஓரிடத்திலும் வட்டம் கோணவில்லை.

கீழே கடையிலிருந்து தும்மல் கேட்டது. மிளகாய்ச் சாக்கு பிரிக்கிறார்கள். படியேறி வரும்போதே சிவதாணு பிள்ளை பேசத் தொடங்கிவிட்டார்.

"என்ன, தீர்மானம் ஆச்சா? பச்சை அடிச்சிரு வேலாயுதா. டாக்டர் சொன்னது பச்சைதான்."

"டாக்டர் பச்சைன்னு எங்க சொன்னாரு?" என்றாள் நீலாம்பாள். "கண்ணுக்கு உறுத்தாத நிறம்னுதான் சொன்னாரு. நானும் பக்கத்துலதான இருந்தேன்."

"உறுத்தாததுன்னா பச்சைதான். மரத்தப் பாத்தா உனக்கு உறுத்துதா?"

"உங்களுக்கு எங்க உறுத்தும்? இஞ்ச பாருங்கோ." அவள் பச்சைக் கட்டத்தில் விரல் வைத்தாள். "உள்ள இருக்கது அப்பிடியே மேல வருது. மல்லிப்பொடின்னா தெரியல்ல."

"மங்கலாத்தான தெரியுது."

"லச்சுமி கண்ணுக்கு மங்கலாத் தெரியாது."

சிவதாணு பிள்ளை கண்ணாடியை இறக்கிப் பச்சைக் கட்டத்தைப் பார்த்தார். டாக்டர் மருந்து சொன்னார், தூக்கம் சொன்னார், வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று சொன்னார். அத்தனையிலும் சிவதாணு பிள்ளைக்குக் கையில் பிடிக்கக் கிடைத்தது நிறம் ஒன்றுதான். அன்றே பெயின்டுக் கடைக்குப் போய் மாதிரி டப்பாக்கள் வாங்கி வந்துவிட்டார்.

"சாக்கு மைக்கு முதல்ல எண்ணெ பிரைமர் அடிக்கணும்னு நான் அப்பளே பறஞ்சேன்" என்றான் வேலாயுதன். "இந்த மழைக்கு அது உணங்காது, நாத்தமும் போகாதுன்னு மொதலாளிதான் வேண்டாம்னாரு. இனி ரெண்டுல எதுன்னு சொன்னா, இருட்டுக்கு முன்ன நாலு சொவரும் ஒரு கோட்டு அடிச்சிருவேன்."

"அவ வரட்டும்" என்றாள் நீலாம்பாள். "அவ சொல்லட்டும்."

முந்தின நாள்தான் ஸ்ரீலட்சுமி நெய்யாற்றின்கரையிலிருந்து கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி வண்டி போனதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள். கிழக்கேகோட்டையில் ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்கும் அங்கிருந்தேதான் பஸ்ஸில் வந்து போகிறாள். "நாளைக்கு வாரேன் அத்தே. அந்த மாடி முறியப் பாக்கணும். பாத்துட்டு, நானும் மோளும் வருவமா இல்லியான்னு சொல்லுதேன்" என்றாள். ஆஸ்பத்திரியில் வினீத் தினமும் கேட்பது ஒரே கேள்வி, லட்சுமி எப்போது வருவாள் என்று. அவள் இல்லாத வீட்டுக்கு அவன் வந்தால் என்ன ஆகும் என்று நீலாம்பாள் யோசித்துப் பார்ப்பாள். அந்த யோசனை ஓர் இடத்துக்கு மேல் போகாது.

மழைக்காற்றில் கதவு தானாகச் சாத்தி, திரும்பத் திறந்து, சுவரில் மோதியது. அந்தக் கதவுக்கு எப்போதும் அந்தக் குணம்தான். நீலாம்பாள் அதை இழுத்துச் சாத்தி, வெளிப்பக்கத்துக் கொண்டியைத் தள்ளினாள். சத்தமே இல்லாமல் நகர்ந்தது. காலையில்தான் தேங்காயெண்ணெய் விட்டிருந்தாள்.

கீழே போய்ச் சம்பா அரிசிச் சோறு வடித்தாள். உள்ளித் தீயலுக்குத் தேங்காயைக் கருக வறுத்து அரைத்தாள். ஸ்ரீலட்சுமிக்குத் தீயல் பிடிக்கும். கல்யாணமான புதிதில் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்திருக்கிறாள்.

ஸ்ரீலட்சுமி வந்தபோது மழை சற்று வெறித்திருந்தது. குடையை மடக்கி நடையில் சாத்திவிட்டு நின்றாள். மெலிந்திருந்தாள். ஆபீஸ் பை தோளில் இருந்தது.

"வா மக்களே. பிள்ளை சொகமா இருக்காளா?"

"சொகம் அத்தே. ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"கை?"

"தோல் உரிஞ்சு தானாப் போச்சு. சோப்புக்கு ஒண்ணும் போகல்ல."

"முதல்ல ரெண்டு வாய் சாப்பிடு. தீயல் வெச்சிருக்கேன்."

"சாப்பிட்டாச்சு அத்தே. முறியப் பாக்கலாம்."

பையை இறக்கவில்லை. நீலாம்பாள் அதைக் கவனித்தாள். முன்னால் படியேறினாள். கடையை விட்டுவிட்டு சிவதாணு பிள்ளையும் பின்னால் வந்தார். மேலே வேலாயுதன் அறைக்குள் தரையில் பழைய சாக்கை விரித்துக்கொண்டிருந்தான். காற்றுக்கு வேண்டி நீலாம்பாள் சாத்திய கதவை அவன் திறந்து, ஒரு டப்பாவை முட்டுக் கொடுத்திருந்தான்.

"இதுதான் மக்களே. இது மல்லிப்பொடி. இது பயத்தந்தொலி. எனக்கு இதுதான்னு தோணுது. மாமா மத்ததுங்காரு. நீ சொல்லு, உன் இஷ்டம்தான்."

ஸ்ரீலட்சுமி உள்ளே வரவில்லை. வாசலில் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேச்சி, பச்சைக்கு இப்பம் இப்பிடித் தெரியும். ரெண்டாம் கோட்டு அடிச்சா கொறையும்" என்றான் வேலாயுதன்.

"இது இன்னும் இங்கதான் இருக்கா?" என்றாள் அவள்.

எதைச் சொல்கிறாள் என்று புரிய நீலாம்பாளுக்கு ஒரு நொடி ஆயிற்று. ஸ்ரீலட்சுமியின் விரல் கொண்டியில் இருந்தது. கடைக்குப் பின்னால் கிட்டங்கிக் கதவில் சாக்குகளைக் காத்துக்கொண்டிருந்த இரும்புக் கொண்டி. அன்றைக்குக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே அடித்தது.

"அது உனக்காகத்தான் மக்களே. உனக்கும் பிள்ளைக்கும் தைரியமா இருக்கணும்லா. அவனுக்குச் சங்கடமா இருக்காது. எண்ணெ விட்டிருக்கேன், சத்தமே வராது. பாரு." தள்ளிக் காட்டினாள்.

ஸ்ரீலட்சுமி ஓரடி பின்னால் போனாள்.

"அன்னைக்கு இதுக்கு வெளிய நின்னது யாரு அத்தே? நீங்களும் நானும்தான. 'லச்சுமி, தண்ணி'ன்னு கேட்டாரு. நான் செம்பு கொண்டு வந்தேன். நீங்க என் கையப் பிடிச்சீங்க."

"வராந்தா ஜன்னல் வழியாக் குடுத்தமே."

"எப்பம் குடுத்தோம்? கூப்பிட்டுக் கூப்பிட்டு அவரு தொண்ட அடைச்ச பெறகு."

"பிள்ளை கையில அதப் பாத்த பெறகு நான் எப்பிடித் திறக்க விடுவேன்? நீயே சொல்லு. அவன் எனக்கும் மகன்தான்."

"அன்னைக்கு நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல்ல. எனக்கும் பயம்தான். இப்பமும் பயம்தான்." குரல் உயரவில்லை. "நாளைக்கு அவரு வந்து சொவரப் பாக்க மாட்டாரு அத்தே. படியேறினதும் முதல்ல பாக்கது இதத்தான். நான் இந்த வீட்ல இருக்கணும்னா இது இருக்கப்பிடாது."

நீலாம்பாள் கணவரைப் பார்த்தாள். அவர் வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது இருந்துட்டுப் போகுது லச்சுமி" என்றார். "போடாண்டாம். இருக்கட்டும், அவ்வளவுதான். நாளைக்கு மறுபடியும் அவனுக்கு அப்பிடி வந்தா என்ன செய்யது? நான் கடையப் பாப்பனா, இங்க வந்து காவல் நிப்பனா?"

"மறுபடியும் வரலாம் மாமா. டாக்டர் ஒளிக்காமச் சொல்லிட்டாரு. வந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். இப்பம் என்ன அடையாளம்னு நமக்குத் தெரியும். தூக்கம் போனா போதும், அப்பளே கூட்டிட்டுப் போகலாம்."

"உனக்கென்ன, நெய்யாற்றின்கரையில இருந்துக்கிட்டுச் சொல்லுவே. கெடந்து படுதது நாங்க."

சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். வேலாயுதன் முகத்தைத் திருப்பித் தூரிகையை விரலால் நீவ ஆரம்பித்தான். ஸ்ரீலட்சுமி நழுவிய பையைத் தோளில் ஏற்றினாள்.

"செரி மாமா. நான் அங்கயே இருந்துக்கிடுதேன்."

அவள் இறங்கத் தொடங்கினாள். நீலாம்பாள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் என்ன சொல்வது? ராத்திரி படுத்தால் இன்னும் அவளுக்குப் பிள்ளையின் அலறல் கேட்கிறது. அந்த இரும்புத் துண்டு இருக்கிறது என்ற நினைப்பில்தான் கண்ணை மூடுகிறாள். மருமகளுக்காக என்று சொன்னது பாதிதான் உண்மை.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர். சாயா குடிக்கும் நேரத்தில் ஒரு தடவை பேச விடுவார்கள்.

"அம்மா."

"சொல்லு மக்களே."

"லச்சுமி வந்தாளா?" மருந்தில் குரல் கனத்து, மெல்ல வந்தது.

நீலாம்பாள் படியைப் பார்த்தாள். ஸ்ரீலட்சுமி பாதியில் நின்றிருந்தாள். ஒரு கை சுவரில் இருந்தது. "வந்திருக்கா. இங்கதான் நிக்கா. உன் முறிக்குப் பெயின்டு பாத்துட்டு இருக்கோம்."

"என்ன பெயின்டு?"

இத்தனை நாளில் இதை அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ரெண்டு மாதிரி இருக்கு. ஒண்ணு மல்லிப்பொடி கணக்கா இருக்கும். மத்தது பயத்தந்தொலி. பேரு அப்பா வெச்சது. உனக்கு எது வேணும்?"

அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரிக்கிறான் என்று அவளுக்கு விளங்க நேரமாயிற்று. அவன் சிரித்துக் கேட்டு மாசங்கள் ஆகின்றன.

"பகல் பூரா கடையில மல்லியத் தும்மிட்டு, முறிக்கு வந்தாலும் அதுதானா? பச்சை போதும்மா."

"பச்சைக்கு அந்தக் குறி லேசாத் தெரியும்னு வேலாயுதன் சொல்லுதான்."

பின்னணியில் யாரோ டம்ளர்களைப் பொறுக்கும் சத்தம்.

"சாக்கு மை அப்பிடியெல்லாம் போகாது. தெரிஞ்சா தெரியட்டும்" என்றான். பிறகு, "அம்மா, கதவுல அது இருக்கா?"

நீலாம்பாளின் கை கதவுநிலையில் இருந்தது. இரும்பு விரலுக்குக் குளிர்ந்தது. எண்ணெய் வாசனை. படியில் நின்றவள் திரும்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது.

"இல்ல மக்களே" என்றாள் நீலாம்பாள். "அத எடுத்தாச்சு."

"எப்பம்?"

"இப்பம்தான்."

"செரி" என்றான். நீளமாக மூச்சு விட்டது கேட்டது. "செரிம்மா. நாளைக்கு வாரேன்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "திருப்புளி எங்க இருக்கு?"

"நீ என்ன அவன்ட்டப் போயிப் பொய் சொல்லுதே?"

"பொய்யா இருக்காண்டாம்னுதான் கேக்கேன். திருப்புளி எங்க?"

வேலாயுதன் தன் பெட்டியைக் கிளறி, டப்பா மூடி நெம்பும் திருப்புளி ஒன்றை எடுத்து நீட்டினான். பிடி முழுக்கப் பல வீட்டுப் பெயின்டு. நீலாம்பாள் வாங்கிக்கொண்டு வாசலில் குனிந்தாள். அவள் விட்ட எண்ணெய் திருகாணித் தலையிலும் இறங்கியிருந்தது. திருப்புளி வழுக்கி வழுக்கிப் போயிற்று. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். முதல் திருகாணி கழன்றது. அடுத்தது மரத்தூளோடு வந்தது. கடைசித் திருகாணி சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. வேண்டாத அவசரத்தில் அடித்த திருகாணி. மரத்தைத் தின்று உள்ளே தளர்ந்து கிடந்தது. மூச்சு வாங்கச் சுற்றினாள். கழுத்தில் வியர்வை இறங்கியது.

"சும்மாச் சுத்தினா வருமா?" என்றார் சிவதாணு பிள்ளை. "இழுத்துக்கிட்டே சுத்தணும். தள்ளு."

"நீங்க இழுங்கோ. நான் சுத்துதேன்."

அவர் குந்தி உட்கார்ந்து கொண்டியின் இரு முனையையும் பிடித்தார். ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். அவள் சுற்றினாள். நிலைமரம் முனகியது. சட்டென்று கழன்று வந்ததில் அவர் திறந்த வாசல் வழியாக அறைக்குள் சாய்ந்து, சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். கை போய் ஊன்றியது பச்சைக் கட்டத்தில்.

"மொதலாளி!" என்றான் வேலாயுதன். "கை ரேகைக்கும் சேத்து ரெண்டாம் கோட்டு அடிக்கணும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் மூச்சு விட்டார்கள். சிவதாணு பிள்ளை கொண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை பச்சையாக இருந்தது. அதைத் துடைக்கவும் தோன்றாமல், "இது கிட்டங்கிக்கே போகட்டும். அங்க கயிறு கட்டி வெச்சிருக்கு" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்.

ஸ்ரீலட்சுமி படியேறி வந்தாள். நிலையில் தெரிந்த துவாரங்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகுதான் அறைக்குள் கால் வைத்தாள். நான்கு சுவர்களையும் நிதானமாகப் பார்த்தாள். வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்து வட்டங்கள் ஊதாவாக எழும்பியிருந்தன.

"நாளைக்கு நான் வருவேன் அத்தே" என்றாள். "மோள் இப்பம் வேண்டாம். அவரு மருந்துல தூங்கி எந்திரிக்கட்டும். நான் கூட இருந்து பாக்கேன். பெறகு கூட்டிட்டு வாரேன்."

நீலாம்பாளுக்குப் பேத்தியைக் கேட்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. "நீ சொன்னா செரி" என்றாள்.

"அப்பம் பச்சை தீர்மானம்" என்று வேலாயுதன் முட்டுக் கொடுத்திருந்த டப்பாவை எடுத்தான். அதுதான் பச்சை. மூடியை நெம்பித் திறந்து, குச்சியால் கலக்கினான். வெளியே மறுபடியும் மழை வலுத்தது. முட்டில்லாத கதவு காற்றில் பாய்ந்து வந்து சாத்திக்கொண்டது. அறை இருண்டது. வாசலுக்கு வெளியே குந்தியிருந்த நீலாம்பாள் திடுக்கிட்டு எழுந்தாள். பழக்கத்தில் கை கொண்டி இருந்த இடத்துக்குப் போயிற்று. அங்கே மரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தது.

ஸ்ரீலட்சுமி கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். முட்டுக் கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தோளிலிருந்து பையை இறக்கி, கதவின் அடியில் வைத்து அழுத்திவிட்டு, "இனி அடிங்க" என்றாள்.